கூடாரம் போடும் முன் மேலே பாருங்கள்

மாணவர்களே, பள்ளி விடுமுறை வந்துவிட்டால் வாட்ஸ்அப்பில் முதலில் வந்து விழுவது கூடாரப் படங்கள்தான். ஆற்றோரத்தில் ஒன்று, மலைச்சரிவில் ஒன்று, பின்னால் பனிமூட்டம், முன்னால் மெகி கொதிக்கும் சட்டி. உங்களில் பலர் போய் வந்திருப்பீர்கள். போகாதவர்கள் வீட்டில் நச்சரித்துக்கொண்டிருப்பீர்கள். என் மகன் படிவம் 1, மகள் ஆண்டு 4. இருவரும் சேர்ந்து மூன்று மாதம் நச்சரித்தார்கள்.

கடைசியில் பெந்தோங் அருகே ஓர் இஞ்சித் தோட்டத்தில் இடம் பதிவு செய்தோம். பகலில் தோட்ட வேலையைப் பார்க்கலாம், நாமும் இஞ்சி தோண்டலாம், இரவில் அங்கேயே கூடாரம் போட்டுத் தங்கலாம். அறிவியல் ஆசிரியைக்கு இதைவிட நல்ல சுற்றுலா கிடைக்குமா? பாதிப் பாடத்தை அங்கேயே நடத்திவிடலாம் என்று நினைத்தேன். நடத்தினேன்தான், ஆனால் நான் நினைத்த பாடம் அல்ல அது.

காஜாங்கிலிருந்து காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். என் கணவர் ஓட்ட, முன் இருக்கையில் என் அப்பா. செமினி பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே இருபது வருடம் வேலை செய்தவர் அவர். மண்ணைப் பார்த்தால் பேசாமல் இருக்க மாட்டார். கோம்பாக் தாண்டிக் காராக் நெடுஞ்சாலையில் ஏறியதும் பேச ஆரம்பித்துவிட்டார். "பாரு, எவ்வளவு செம்மண்ணு! மலையையே வெட்டி ரோடு போட்டிருக்கான்."

அந்தச் செம்மண்ணைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும், பிறகு தேவைப்படும். தீபகற்ப மலேசியாவின் முதுகெலும்பு தித்திவங்சா மலைத்தொடர். அதன் பெரும்பகுதி கருங்கல், அதாவது கிரானைட். ஏறக்குறைய 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள் உருகிய பாறைக்குழம்பு மெதுவாக ஆறி உருவானது. ஆனால் காராக் சாலையில் போகும்போது நாம் பெரும்பாலும் பார்ப்பது பாறையை அல்ல, மண்ணை. நம் நாட்டில் ஆண்டு முழுதும் வெப்பம், ஆண்டு முழுதும் மழை. மழைநீரில் கரைந்த கரியமில வாயு அதைச் சற்றே அமிலமாக்குகிறது. அந்த நீர் கிரானைட்டின் விரிசல்களில் இறங்கி, அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தைக் களிமண்ணாக மாற்றிவிடுகிறது. குவார்ட்ஸ் மட்டும் மசியாமல் மணலாக மிஞ்சுகிறது. இரும்பு துருப்பிடித்துச் சிவப்பு நிறம் தருகிறது. இப்படி மலை நின்ற இடத்திலேயே மண்ணாகிவிடுகிறது. சில இடங்களில் இந்த மண் 30 மீட்டருக்கும் அதிக ஆழம். பத்து மாடிக் கட்டட உயரத்துக்கு மண்! பார்க்க மலைபோல் இருக்கும், ஆனால் உள்ளே களியும் மணலும் கலந்த பிட்டு.

கெந்திங் செம்பா சுரங்கப்பாதையைக் கடந்து, காதடைத்து, மகள் இரண்டு முறை வாந்தி எடுத்து, பத்தரை மணிக்குத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

தோட்டக்காரர் அறுபது வயதுச் சீனர். அப்பா முதல் வார்த்தையிலேயே "தவுக்கே" என்று கூப்பிட்டு மலாயில் பேசத் தொடங்க, இருவரும் நண்பர்களாகிவிட்டார்கள். பிள்ளைகளுக்கு அவர் 'அங்கிள்'. அங்கிள் முதலில் பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு சிறு மண்வெட்டி கொடுத்தார். இஞ்சியைத் தோண்ட அவசரம் கூடாது, செடிக்கு ஒரு சாண் தள்ளி வெட்டி, கீழிருந்து நெம்ப வேண்டும் என்று காட்டினார். மகன் முதல் வெட்டிலேயே கிழங்கை இரண்டாக்கினான். வாசனை மூக்கில் ஏறியது.

ஒரு கேள்வி கேட்கிறேன். இஞ்சி வேரா, தண்டா? வகுப்பில் கேட்டால் முக்கால்வாசிப் பேர் வேர் என்பீர்கள். அது மண்ணுக்குள் படுத்து வளரும் தண்டு. நன்றாகப் பாருங்கள், கணுக்கள் வளையம் வளையமாகத் தெரியும். கணுவில் காய்ந்த செதில் இலை ஒட்டியிருக்கும், மொட்டும் இருக்கும். வேரில் கணு கிடையாது. உண்மையான இஞ்சி வேர்கள் கிழங்கின் அடியில் நூல்போல் தொங்கும். பிடுங்கிப் பார்த்தோம், ஒரு முழத்துக்குமேல் போகவில்லை. இந்த ஒரு முழத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெந்தோங் இஞ்சிக்கு நாட்டில் தனிப் பெயர் உண்டு. நம் வீட்டுச் சமையலில் தட்டிப் போடும் சாதா இஞ்சியைவிட விலை அதிகம். அதற்குக் காரணம் காரம் மட்டுமல்ல, நிலமும்தான். இஞ்சியை ஒரே மண்ணில் அடுத்தடுத்து நட முடியாது. அழுகல் நோயை உண்டாக்கும் பூஞ்சைகளும் பாக்டீரியாக்களும் மண்ணில் தங்கிவிடும். மறுமுறை நட்டால் செடி மஞ்சளாகி, கிழங்கு கூழாகிவிடும். அதனால் இஞ்சி விவசாயிகள் ஓர் அறுவடை முடிந்ததும் அந்த நிலத்தைச் சில ஆண்டுகளுக்கு விட்டுவிட்டு, வேறு நிலம் தேடுகிறார்கள். சமதரை கிடைக்காதபோது மலைச்சரிவைத் திருத்துகிறார்கள். அங்கிளும் அப்படித்தான். "இது ஆறு வருஷத்துக்கு முன்னாடி காடு" என்று கீழே ஒரு சரிவைக் காட்டினார். இப்போது அதில் வாழை. இஞ்சி மேலே ஏறிப் போய்விட்டது.

இஞ்சிக்கு இன்னொரு குணம் உண்டு. தண்ணீர் வேண்டும், ஆனால் தேங்கக் கூடாது. தேங்கினால் அழுகல். அதனால் மண்ணை உயர்த்திப் பாத்தி கட்டி, நடுவில் வாய்க்கால் வெட்டி, மழைநீரை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கீழே இறக்கிவிடுகிறார்கள். அப்பா அந்த வாய்க்கால்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என்னிடம் தமிழில் மெதுவாகச் சொன்னார். "எங்க தோட்டத்துல மேட்டு நிரையில இப்படி வெட்ட விடமாட்டாங்க. சரிவோட நேரா வெட்டினா தண்ணி ஓடும். குறுக்க வெட்டினாத்தான் நிக்கும், மெதுவா ஒரு பக்கமாப் போகும்."

பழைய ரப்பர் தோட்டங்களைப் பார்த்திருக்கிறீர்களா? மேட்டு நிலத்தில் படிக்கட்டுபோல் மேடை வெட்டி, மேடைக்கு ஒரு நிரை மரம் நிற்கும். வெறும் மண் தெரியாதபடி பயறு இனத்துக் கொடிகளைப் படரவிடுவார்கள். அவற்றின் வேர் முடிச்சுகளில் உள்ள பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து உரமாக்கும், இலை மழைத்துளியின் அடியைத் தாங்கும். அப்பா பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர். ஆனால் மண்ணரிப்பைப் பற்றி என் பட்டயப் படிப்பில் சொல்லித் தராத பலவற்றை அவர் கால்களே அறிந்திருக்கின்றன.

மதியம் இரண்டரைக்கு வழக்கமான இடிமழை. முக்கால் மணி நேரம் கொட்டிவிட்டு நின்றது. மகன் கழுவிய மைலோ டின் ஒன்றை வெட்டவெளியில் வைத்திருந்தான். பக்கங்கள் நேராக இருக்கும் எந்த டின்னும் மழைமானிதான், அடியிலிருந்து நீர் எத்தனை மில்லிமீட்டர் என்று அளவுகோலால் அளந்தால் போதும். 31 மில்லிமீட்டர்.

நாலரை மணிக்கு அங்கிள் கூடார இடத்தைக் காட்டினார். அழகான இடம். மலையை வெட்டிச் சமப்படுத்திய நீண்ட மேடை, புல் போட்டிருந்தார்கள், எதிரே பள்ளத்தாக்கு, மின்விளக்குத் தோரணம், கழிவறை பக்கத்திலேயே. எங்களுக்கு முன்பே இரண்டு குடும்பங்கள் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி நின்றார்கள். நான் திரும்பி, பின்னால் பார்த்தேன்.

மேடையின் பின்பக்கம் வெட்டப்பட்ட மண்சுவர், என் கணக்கில் எட்டு மீட்டர். அதற்கு மேல்தான் காலையில் நாங்கள் நின்ற இஞ்சிப் பாத்திகள். அந்த வாய்க்கால்கள் எல்லாம் வந்து முடியும் இடம் அந்தச் சுவரின் உச்சி.

இந்த இடத்தில் கதையை நிறுத்தி, உங்களை ஒரு தட்டும் கொஞ்சம் மணலும் எடுத்துவரச் சொல்கிறேன். கட்டட வேலைக்குக் கொட்டும் மணல் போதும். காய்ந்த மணலைத் தட்டில் மெதுவாகக் கொட்டுங்கள். கூம்பாக நிற்கும். எவ்வளவு கொட்டினாலும் கூம்பின் சரிவு ஏறத்தாழ 30 முதல் 35 பாகைக்குள்தான் இருக்கும், அதற்குமேல் செங்குத்தாக நிற்காது. இப்போது அதே மணலில் சிறிது தண்ணீர் தெளித்துப் பிசைந்து, ஒரு குவளையில் அழுத்திக் கவிழ்த்துங்கள். செங்குத்தாக, 90 பாகையில் நிற்கிறது! மணல் துகள்களுக்கு இடையே உள்ள மெல்லிய நீர்ப்படலத்தின் பரப்பு இழுவிசை அவற்றைச் சேர்த்துப் பிடிக்கிறது. கடற்கரையில் மணல் கோட்டை கட்டியவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். மூன்றாவதாக, அந்தக் கோபுரத்தின் உச்சியில் கரண்டி கரண்டியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள். ஒன்று, இரண்டு, மூன்று... ஒன்றும் ஆகாது. ஆறாவதோ ஏழாவதோ கரண்டியில் கோபுரம் திடீரென்று உட்கார்ந்துவிடும்.

துகள்களுக்கு இடையே காற்றும் நீரும் கலந்திருந்தவரை படலம் இருந்தது, பிடிப்பு இருந்தது. இடைவெளி முழுதும் நீரால் நிரம்பியதும் படலம் இல்லை, பிடிப்பும் இல்லை. அதோடு நிற்பதில்லை. நிரம்பிய நீர் துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று தள்ளவும் செய்கிறது. இந்த அழுத்தத்தை மண்ணியலில் முறையாகக் கணக்கில் கொண்டுவந்தவர் கார்ல் தெர்சாகி என்ற பொறியியலாளர். மண் இயந்திரவியல் பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூல் 1925-இல் வந்தது.

எண்களில் பார்ப்போம். 30 பாகைச் சரிவில் 1000 நியூட்டன் எடையுள்ள ஒரு மண்பாளம் இருக்கிறது. சரிவின் திசையில் அதை இழுக்கும் விசை 1000 பெருக்கல் சைன் 30, அதாவது 500 நியூட்டன். சரிவை அழுத்தும் விசை 1000 பெருக்கல் கோசைன் 30, ஏறக்குறைய 870 நியூட்டன். உராய்வுக் குணகம் 0.65 என்று கொண்டால், பிடித்து நிறுத்தும் உராய்வு 566 நியூட்டன் வரை போகும். 566 பெரிது, 500 சிறிது, மண் நிற்கிறது. இப்போது அடியில் நீர் சேர்ந்து, அழுத்தும் விசையில் ஐந்தில் ஒரு பங்கைத் தூக்கிவிடுகிறது. 870 என்பது 696 ஆகிறது. உராய்வு 452. இழுக்கும் விசை அதே 500. மண் கிளம்பிவிடும். சரிவு மாறவில்லை, மண் மாறவில்லை, நீர் சேர்ந்தது மட்டும்தான். உண்மையான மலையில் களிமண்ணின் ஒட்டும் தன்மை, வேர்களின் பிடி என்று இன்னும் சில சேரும். ஆனால் கணக்கின் உயிர் இதுதான்.

நீர் ஆழத்துக்கு இறங்க நேரம் எடுக்கும் என்பதையும் கவனியுங்கள். அதனால்தான் நிலச்சரிவுகள் மழை கொட்டும் நேரத்தில்தான் நடக்கும் என்று சொல்ல முடியாது. நாட்கணக்கில் பெய்து, விட்டு, நிலா வெளிச்சம் வந்தபிறகும் நடக்கலாம்.

2022 டிசம்பர் 16-ஆம் நாள் உங்களுக்கு நினைவிருக்கலாம். சிலாங்கூர், பத்தாங் காலியில், கெந்திங் போகும் மலைச்சாலையை ஒட்டிய ஓர் இயற்கை விவசாயத் தோட்டம். பள்ளி விடுமுறை. குடும்பம் குடும்பமாகக் கூடாரம் போட்டிருந்தார்கள். அதிகாலை நேரம், மேலே சாலையை ஒட்டிய சரிவு இறங்கியது. அதில் சிக்கிய 92 பேரில் 61 பேர் தப்பினார்கள், 31 பேர் இறந்தார்கள். தேடுதல் ஒரு வாரத்துக்குமேல் நடந்தது. இறங்கிய மண் ஏறத்தாழ 450,000 கன மீட்டர் என்று அப்போது அமைச்சர் சொன்னார். ஒலிம்பிக் நீச்சல் குளம் ஒன்று 2,500 கன மீட்டர். 180 நீச்சல் குளம் நிறைய மண். இறந்தவர்களில் கோலாலம்பூரில் ஒரு சீனப் பள்ளியின் ஆசிரியர்களும் அவர்கள் குடும்பத்தினரும் இருந்தார்கள். என்னைப்போல் விடுமுறைக்காகக் காத்திருந்தவர்கள். பின்னர் வெளியான அரசாங்க ஆய்வறிக்கை தொடர்மழையையே முதன்மைக் காரணமாகச் சொன்னது.

விவசாயம் செய்ய ஒரு நிலம் பொருத்தமாக இருப்பது வேறு, அதில் மனிதர் தூங்குவது வேறு. பகலில் சரிவு விரிசல் விட்டால் பார்ப்போம், சத்தம் கேட்டால் ஓடுவோம். இரவு மூன்று மணிக்கு, ஜிப் போட்ட கூடாரத்துக்குள், உறக்கப்பைக்குள் இருப்பவர் என்ன செய்வார்?

மறுபடி பெந்தோங்குக்கு வாருங்கள். நான் மகனைக் கூட்டிக்கொண்டு அந்த மண்சுவரை ஓரமாக இருந்து பார்த்தேன். கோணமானி ஒன்றில் நூலைக் கட்டி, நுனியில் ஒரு நட்டைத் தொங்கவிட்டால் சாய்வு அளக்கும் கருவி தயார். உங்கள் கணிதப் பெட்டியில் இருப்பதே போதும். 60 பாகை காட்டியது. ஈரமணல் கோபுரத்தைப்போல், இந்த மண்ணும் தன் பிடிப்பை நம்பித்தான் இவ்வளவு செங்குத்தாக நிற்கிறது.

சுவரின் உச்சியில் கறுப்புப் பிளாஸ்டிக் விரித்துக் கல் வைத்திருந்தார்கள். பிளாஸ்டிக் ஏன்? அருகில் போன அப்பா கூப்பிட்டுச் சொன்னார், அதன் ஓரத்தில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு விரிசல், நேராக இல்லாமல் பிறைபோல் வளைந்து போகிறது என்று. வளைந்த விரிசல் நல்ல செய்தி அல்ல. கீழே ஒரு பாளம் கரண்டி வடிவில் நகர ஆசைப்படும்போது மேலே விழும் கோடு அது. சுவரின் அடியில் ஓரிடத்தில் நீர் கசிந்துகொண்டிருந்தது. மழை நின்று ஒரு மணி நேரத்துக்கும் மேல். கசிவு தெளிவாக இருந்தால் அது வெறும் ஊற்றாக இருக்கலாம், இது பால் கலந்த தேநீர்போல் கலங்கி வந்தது. அதாவது உள்ளிருந்து மண்ணையும் எடுத்துக்கொண்டு வருகிறது. இரண்டு வேலிக் கம்பங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன.

இவற்றில் ஏதேனும் ஒன்றை மட்டும் பார்த்திருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். கம்பம் மாடு முட்டியும் சாயும். எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்ததுதான் வயிற்றைக் கலக்கியது.

என் கணவர் ஓடையோரமாகப் போட்டுவிடலாமா என்று கேட்டார். கீழே ஓடை சிறியதாக, அழகாக ஓடியது. அதுவும் வேண்டாம் என்றேன். மலையில் எங்கோ பெய்யும் மழை, இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே திடீரென்று சுவர்போல் ஓடையில் இறங்கும். 'கெப்பாலா ஆயர்' என்று செய்தியில் கேட்டிருப்பீர்கள். சரிவிலிருந்து தப்பி வெள்ளத்தில் படுப்பதா?

அங்கிளிடம் சொல்வதுதான் சங்கடமாக இருந்தது. விருந்தாளியாக வந்து, மதியம் அவர் கொடுத்த இஞ்சித் தேநீரைக் குடித்துவிட்டு, உங்கள் இடம் சரியில்லை என்று எப்படிச் சொல்வது? சொன்னேன். அவர் முகம் சுருங்கியது. "பத்து வருஷமா இந்தச் சுவர் நிக்குது டீச்சர். ஒண்ணும் ஆகல."

இந்தப் பதிலை நீங்கள் வாழ்க்கையில் பலமுறை கேட்பீர்கள். அதனால் இதையும் கணக்குப் போடுவோம். ஒரு சரிவு ஓர் ஆண்டில் விழ நூற்றில் ஒரு வாய்ப்பு என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். ஓர் ஆண்டு விழாமல் இருக்கும் வாய்ப்பு 0.99. பத்து ஆண்டு தொடர்ந்து விழாமல் இருக்க 0.99-ஐப் பத்துமுறை பெருக்குங்கள். ஏறக்குறைய 0.90. அதாவது அபாயமான அந்தச் சரிவுகூடப் பத்தில் ஒன்பது முறை பத்து வருடம் சும்மா நிற்கும். ஆகவே பத்து வருடம் நின்றது என்பது அது பத்திரமானது என்பதற்குப் போதுமான சான்று அல்ல. அதோடு, இந்தப் பத்து வருடத்தில் சரிவும் அதே சரிவாக இல்லை. காட்டு மரங்களை வெட்டிய அன்றே மண் விழாது. இறந்த வேர்கள் மட்கிப்போகச் சில ஆண்டுகள் ஆகும், அதுவரை அவை மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கும். அவற்றின் இடத்துக்கு இப்போது வந்திருப்பது ஒரு முழ வேர். வாய்க்கால்களும் புதியவை, மேல் நிலத்தை இஞ்சிக்குத் திருத்தியபோது வெட்டியவை.

உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் முதல் கட்டடம் 1993 டிசம்பர் 11-ஆம் தேதி விழுந்து 48 பேர் இறந்தார்கள். அதுவும் அதற்குமுன் பத்து ஆண்டுகளுக்கும் மேலாக ஒன்றும் ஆகாமல் நின்ற கட்டடம்தான். பின்னால் இருந்த சரிவும், அதில் சரியாக வெளியேறாத நீரும் அதைச் சாய்த்தன. காஜாங்கில் இருக்கும் நமக்கு இன்னும் பக்கத்தில், 2011 மே 21-இல் உலு லங்காட்டில் ஓர் அனாதை இல்லத்தின்மீது பின்புறச் சரிவு விழுந்து 16 உயிர்கள் போயின. பெரும்பாலோர் உங்கள் வயதுப் பையன்கள்.

இதையெல்லாம் நான் அங்கிளிடம் சொல்லவில்லை. நான் சொல்லியிருந்தால் சண்டைதான் வந்திருக்கும். அப்பாதான் பேசினார். "தவுக்கே, உங்க இஞ்சி கழுவுற கொட்டகை மேட்டுல இருக்கு. அங்க படுத்துக்கறோம். காசு அதே காசு" என்றார். காசு அதே காசு என்றதும் அங்கிள் சிரித்துவிட்டார்.

கொட்டகை ஒரு முதுகுபோன்ற மேட்டில், சரிவிலிருந்து தள்ளி இருந்தது. சரிவின் உயரத்தைப்போல் குறைந்தது இருமடங்காவது தள்ளி இரு என்பது நான் எனக்காக வைத்திருக்கும் கணக்கு. எட்டு மீட்டர்ச் சுவருக்குப் பதினாறு மீட்டர். பள்ளத்தாக்கில் சேறாக ஓடி வந்தால் இந்தக் கணக்கு உதவாது என்பதும் தெரியும். அதனால்தான் மேடு. பக்கத்துக் கூடாரக்காரர்களிடமும் போய்ச் சொன்னோம். ஒரு குடும்பம் எங்களோடு வந்தது. இன்னொரு குடும்பத்து அண்ணன் கூடாரத்தை முழுதாகப் போட்டு முடித்திருந்தார். நன்றி சொன்னார், நகரவில்லை. அவருடைய சின்னப் பெண்ணுக்கு மூன்று வயது இருக்கும்.

சிமெண்டுத் தரை, இஞ்சி மண் வாசனை, தவளைச் சத்தம். நட்சத்திரம் பார்க்கலாம் என்று ஆசைகாட்டிக் கூட்டிவந்த பிள்ளைகள் துத்தநாகக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்தார்கள். மகள் அழுதாள். இரவு பதினொன்றுக்குப் பிடித்த மழை நான்கு வரை பெய்தது. கூரையில் அது போட்ட சத்தத்தில் வேறு எந்தச் சத்தமும் கேட்டிருக்காது, கேட்காது என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இரண்டு முறை எழுந்து, கீழே மேடையில் எரிந்த விளக்கைப் பார்த்தேன். எரிந்துகொண்டிருந்தது.

காலையில் மைலோ டின்னில் 62 மில்லிமீட்டர். ஒரு ஹெக்டர் நிலத்தில் 62 மில்லிமீட்டர் என்றால் 620 கன மீட்டர் நீர், 620 டன் எடை. அதில் எவ்வளவு ஓடியது, எவ்வளவு உள்ளே இறங்கியது என்பதுதான் கேள்வி.

சுவர் அப்படியே நின்றது.

அந்த அண்ணன் கூடாரத்து வாசலில் அடுப்பு மூட்டி முட்டை பொரித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துக் கையசைத்தார். அவர் மகள் புல்லில் ஓடிக்கொண்டிருந்தாள். மகன் என் முகத்தைப் பார்த்தான். "அம்மா, ஒண்ணும் ஆகலையே. நீங்க சொன்னது தப்பா?"

நீங்கள் இருந்தால் என்ன பதில் சொல்வீர்கள்? நான் கேட்டேன், "குடை எடுத்துட்டுப் போன அன்னிக்கு மழை வரலேன்னா, குடை எடுத்தது தப்பா?" அவன் யோசித்துவிட்டு, "குடை சின்ன விஷயம்மா, தங்கச்சி ராத்திரி முழுக்க அழுதா" என்றான். அதுவும் சரிதான். எச்சரிக்கையாக இருப்பதற்கும் ஒரு விலை உண்டு, சில நேரம் அந்த விலை வீணாகப் போனதுபோலவே இருக்கும். அன்று இரவு தெரிந்ததை வைத்து எடுத்த முடிவு அது. மறுநாள் காலை தெரிந்ததை வைத்து அதற்கு மதிப்பெண் போடக்கூடாது என்று சொன்னேன். அவன் முழுதாக ஒத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

அப்பாவும் அங்கிளும் மேலே போயிருந்தார்கள். நான் ஏறிப்போய்ப் பார்த்தபோது இருவரும் மண்வெட்டியோடு, சுவரின் உச்சியில் வந்து முடிந்த வாய்க்கால்களுக்குக் குறுக்காக ஒரு புதிய வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தார்கள், நீரைப் பக்கவாட்டில் வாழைத்தோட்டத்துப் பக்கம் திருப்ப. முழு வேலை அல்ல, பாதிகூட முடியவில்லை. விரிசலுக்கு அது மருந்தும் அல்ல. அதை ஒரு பொறியியலாளர் வந்து பார்க்கவேண்டும் என்று நான் அங்கிளிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். இந்த முறை முகம் சுருங்கவில்லை.

நீங்கள் அடுத்த விடுமுறைக்குக் கிளம்பும் முன் பெற்றோரிடம் காட்டச் சில விஷயங்கள். மலேசிய வானிலை ஆய்வுத் துறை தொடர்மழை எச்சரிக்கையை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று நிலைகளில் வெளியிடுகிறது. வடிகால், நீர்ப்பாசனத் துறையின் வெள்ளத் தகவல் இணையத்தளத்தில் நீங்கள் போகும் ஊருக்கு அருகிலுள்ள மழைமானியின் அளவைப் பார்க்கலாம். இன்று மழை இல்லையே என்பது மட்டும் போதாது, கடந்த ஐந்தாறு நாட்களைப் பாருங்கள். பதிவு செய்யும்போதே, கூடார வசதிக்கு உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்க வெட்கப்படவேண்டாம். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள், இருட்டில் விரிசல் தெரியாது. தூங்கும்போது மண் நகரும் சத்தமோ மரம் முறியும் சத்தமோ கேட்டால் பொருட்களை எடுக்க நிற்காமல், சரிவு வரும் பாதைக்குப் பக்கவாட்டில் மேட்டை நோக்கி ஓடுங்கள், பிறகு 999-ஐ அழையுங்கள்.

திரும்பும் வழியில் மகன் சன்னலோரம் உட்கார்ந்து காராக் நெடுஞ்சாலையின் சரிவுகளையே பார்த்துக்கொண்டு வந்தான். மலையைப் படிபடியாக வெட்டியிருப்பதையும், ஒவ்வொரு படியிலும் குறுக்கே சிமெண்டு வடிகால் போவதையும் அவன்தான் காட்டினான். "தாத்தா, இது உங்க தோட்டத்து மேடை மாதிரியே இருக்கு." சில சரிவுகளில் வெள்ளைக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளே சேரும் நீரை வெளியே விட மலைக்குள் செருகிய குழாய்கள் அவை. நேற்றைய மழைக்குப் பல குழாய்களில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. எண்ண ஆரம்பித்தான். நாற்பதைத் தாண்டியபோது சுரங்கப்பாதைக்கு முன் கார்கள் மெதுவாக ஊர்ந்தன. பக்கத்துச் சரிவில் ஒரு குழாய் மட்டும் காய்ந்திருந்தது.

"இதுல மட்டும் ஏன்மா தண்ணி வரல?"

உள்ளே நீர் இல்லாமல் இருக்கலாம். அல்லது குழாய் அடைத்திருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும் என்றேன். அவன் கழுத்தைத் திருப்பி, அந்தக் குழாய் கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டே இருந்தான்.